லைப்போசோமைக் குறை சொல்லும் முன் தோலைப் பாருங்கள்

எம்.பார்ம் ப்ராஜெக்ட் காலம் வந்தால் சேலத்துப் பார்மசி ஆய்வகங்களில் இரண்டே புலம்பல்தான். ஒன்று, "லைப்போசோம் தோலுக்குள்ள போகவே இல்ல." இன்னொன்று, "போற வேகத்தப் பார்த்தா நம்பவே முடியல." இரண்டிலும் பழி, மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழியான லைப்போசோமின் தலையில் விழும். ஆனால் தோண்டிப் பார்த்தால் தோலிலோ, தண்ணீரிலோ, ஒரு காற்றுக்குமிழியிலோ, ஒட்டும் டேப்பிலோதான் கோளாறு இருக்கும். லைப்போசோமைச் சந்தேகிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இதை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில்.

போகும் முன் இரண்டு விஷயம். தோலின் மேலடுக்கான ஸ்ட்ராட்டம் கார்னியம் 10 முதல் 20 மைக்ரான் கனம்தான். அதிலுள்ள லிப்பிடில், அதாவது கொழுப்புப் பொருளில், எடைக்கு ஏறத்தாழ பாதி செரமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், 10 முதல் 15 சதவீதம் கொழுப்பு அமிலம். பாஸ்பேட் சேர்ந்த கொழுப்பான பாஸ்போலிப்பிட் அங்கே கிட்டத்தட்ட இல்லை. உங்கள் லைப்போசோமோ பெரும்பகுதி பாஸ்போலிப்பிட். இந்த வித்தியாசம்தான் கீழே வரும் பாதிச் சோதனைகளுக்கு அடிப்படை.

இரண்டாவது, எந்த ரன் போட்டாலும் நான்கு வகை செல் (மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் தோலைப் பொருத்தி, மேலே விட்ட மருந்து கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் கலம்) ஓட வேண்டும்: மருந்து மட்டும் உள்ள கரைசல், மருந்தில்லாத வெற்று லைப்போசோம், வெற்று லைப்போசோமோடு வெளியே கலந்த மருந்து, மருந்து ஏற்றிய லைப்போசோம். இந்த நான்கும் இல்லாமல் "ஏன் இப்படி வந்தது" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

## லைப்போசோம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நிற்கிறது

தோல் வரைக்கும் போகவே விடாத கோளாறு இது.

தண்ணீர். சேலத்தில் மேக்னசைட் சுரங்கப் பக்கத்துப் போர் தண்ணீரில் மக்னீசியமும் கால்சியமும் தாராளம். அதில் கழுவிக் காயவைத்த குடுவையில் வெள்ளைத் தடம் படிந்திருக்கும், விரலால் தேய்த்தாலும் போகாது. எதிர்மின் சுமையுள்ள லைப்போசோம்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்க இந்த அயனிகளே போதும். கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த தண்ணீரில்தானா என்று பாருங்கள். பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) கலக்கிய தண்ணீரைக் கண்டக்டிவிட்டி மீட்டரில் வையுங்கள். டிஸ்டில்லேஷன் யூனிட்டில் உப்பு படிந்து, வடித்த தண்ணீரே கெட்டிருப்பதும் உண்டு. கட்டி கட்டியான மாதிரியில் கொஞ்சம் எடுத்து, இந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சில சொட்டு விட்டுப் பாருங்கள். கட்டி தளர்ந்தால் குற்றவாளி தண்ணீர்தான்.

நீரேற்றும் வெப்பம், அதாவது குடுவையில் காய்ந்த லிப்பிட் படலத்தில் பஃபர் ஊற்றும்போது இருக்கும் சூடு. சோயாவிலிருந்து எடுக்கும் பாஸ்போலிப்பிடான சோயா பாஸ்ஃபடிடைல்கோலின் அறை வெப்பத்திலேயே இளகித்தான் இருக்கும், பிரச்சினை இல்லை. டி.பி.பி.சி. என்ற இன்னொரு பாஸ்போலிப்பிட் என்றால் 41 டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும். டி.எஸ்.பி.சி. 55 டிகிரி. வாட்டர் பாத் அதற்கும் ஐந்து, பத்து டிகிரி மேலே நிற்க வேண்டும். குடுவைக்குள் ஊற்றும் பஃபரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். பாத்தைச் சூடாக்கிவிட்டு ஏ.சி. அறையில் இருந்த பஃபரை ஊற்றினால் படலம் தகடு தகடாக உரிந்து மிதக்கும்.

படலத்தில் தங்கிய கரைப்பான். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதையே, கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரின் கண்டென்சருக்கு விட்டால் லிப்பிடைக் கரைத்த குளோரோஃபார்மின் ஆவி எங்கே குளிரும்? தண்ணீர்ப் பீச்சு பம்பில் வாக்குவம் எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு அடி: அந்தப் பம்ப் தண்ணீரின் ஆவி அழுத்தத்துக்குக் கீழே இறங்காது. 20 டிகிரித் தண்ணீரில் அது 17.5 மில்லிமீட்டர் பாதரசம், 35 டிகிரியில் 42. டிசம்பரில் அழகாக வந்த படலம் மே மாதம் பிசுபிசுப்பதற்கு இதுவே போதும். ஐஸ் வாளியில் சின்ன மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிடுங்கள். எடுத்த படலத்தை வாக்குவம் டெசிக்கேட்டரில் ஒரு இரவு வையுங்கள்.

இதை அலட்சியம் செய்தால் பின்னால் பெரிய வம்பு. குளோரோஃபார்ம், மெத்தனால் கலவைதான் தோலிலிருந்து லிப்பிடைப் பிரித்தெடுக்கவே பயன்படுத்துவது. அது மிச்சமிருந்தால் தோலைத் திறப்பது லைப்போசோம் அல்ல, கரைப்பான்.

லெசித்தின். பேக்கரிக்கு விற்கும் கச்சா சோயா லெசித்தினில் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருக்கும். அதை வைத்து லைப்போசோம் செய்தேன் என்று எழுதாதீர்கள். சுத்திகரித்த பாஸ்ஃபடிடைல்கோலின் வாங்க வேண்டும். காசு போகும், வேறு வழியில்லை. வாங்கியதை மைனஸ் 20-ல், நைட்ரஜன் ஊதி மூடி வையுங்கள். மஞ்சளாகி, சிக்கு எண்ணெய் வாடை அடித்தால் ஆக்சிஜனேறிவிட்டது. யூ.வி.யில் 233 நானோமீட்டருக்குப் பக்கத்தில் மேடு எழும்பினால் உறுதி, தூக்கிப் போடுங்கள்.

அடியில் சாம்பல் நிறத் தூள் படிந்தால் பயப்பட வேண்டாம். லைப்போசோமைச் சிறிதாக்கும் ப்ரோப் சோனிகேட்டர் முனையிலிருந்து உதிர்ந்த டைட்டானியம் அது. சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டு மேல்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். முனையில் குழி விழுந்திருந்தால் முனையை மாற்றச் சொல்லுங்கள்.

எப்போது வெளியே அனுப்புவது: மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மறுநாளே கட்டி தட்டினால் துகள் அளவும், அதன் மேற்பரப்பு மின்சுமையைக் காட்டும் ஸீட்டா பொட்டென்ஷியலும் பார்க்க வேண்டும். கட்டியோடு அனுப்பினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. புதிதாகச் செய்த அன்றே, வடிகட்டிய பிறகு அனுப்புங்கள்.

## முதல் ஒரு மணி நேரத்திலேயே மருந்து கீழ் அறையில் கொட்டிவிட்டது

சந்தோஷப்பட்டு கைடிடம் ஓடுவதற்கு முன் ஒரே கேள்வி: மருந்து மட்டும் உள்ள கரைசலும் அப்படித்தான் கொட்டியதா?

### ஆம், வெறும் கரைசலும் கொட்டியது

அப்படியென்றால் தோலில் ஓட்டை. செல்லில் பொருத்தும் ஆட்டு, பன்றிக் காதுத் தோலை எங்கே வாங்கினீர்கள்?

நம் ஊர்க் கறிக்கடையில் ஆட்டுத் தலை என்றாலே வாட்டிய தலைதான். காதும் அதோடு சேர்ந்து தீயில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவி வரும். பன்றிக் காது என்றால் கொதிதண்ணீர் ஊற்றி மயிரைச் சுரண்டுவார்கள், அல்லது தீயில் பொசுக்குவார்கள். சமையலுக்கு அது சரி. நமக்கு அந்தத் தோல் செத்த தோல், அதாவது ஸ்ட்ராட்டம் கார்னியம் பாதி சுரண்டுபட்டு, பாக்கி லிப்பிட் உருகி ஒழுகிய தோல். வெளிப் பார்வைக்கு வழுவழுவென்று நன்றாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றுவது.

ஒரு மாணவி செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கடையில் கேட்டபோது நடந்த பேச்சு இது.

"பாய், வாட்டாத காது வேணும். மயிரோட அப்படியே."

"வாட்டாம வாங்கி என்னம்மா பண்ணுவ? வேகாது, நாறும்."

"சமைக்க இல்ல பாய். காலேஜுக்கு. மருந்து தடவிப் பார்க்க."

"அப்ப காலையில அஞ்சு மணிக்கு வா. அறுத்த உடனே காதை மட்டும் வெட்டி வைக்கிறேன். தண்ணிகூடப் படாம தர்றேன்."

இதுதான் கேட்க வேண்டிய முறை. அறுத்த உடனே, வாட்டாமல், வெந்நீர் படாமல். ஊடுருவல் சோதனையில் பன்றிக் காது மனிதத் தோலுக்கு நெருக்கமானது என்பதால் அது கிடைத்தால் அதையே எடுங்கள். ஆட்டுத் தோல் கிடைக்கிறது என்பதற்காக எடுத்தால் ஆட்டுத் தோல் என்றே எழுதுங்கள். மனிதத் தோல் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை தொடவே கூடாது.

வாங்கி வந்த பிறகு செய்வதிலும் ஓட்டை விழும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, மயிரைக் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். ரேசர் வேண்டாம், மேலடுக்கோடு போகும். காதின் பின்பக்கத் தோலை மட்டும் குருத்தெலும்பிலிருந்து உரித்தெடுத்து, அடிக்கொழுப்பை மழுங்கிய கத்தியால் தள்ளிவிடுங்கள். அலுமினியத் தாளில் சுற்றி மைனஸ் 20-ல் வைத்து, ஒரே ஒரு தடவைதான் உருக்க வேண்டும். மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்த தோல் கணக்கில் சேராது. ஃப்ரீசருக்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயம் வையுங்கள். திங்கட்கிழமை காலை நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால் சனி, ஞாயிறில் கரண்ட் போயிருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். மேல்தோலைப் பிரிக்க 60 டிகிரித் தண்ணீரில் முக்குகிறோமே, அது மட்டும் கெடுக்காதா? ஒரு நிமிடம், அளந்த சூட்டில், சுரண்டாமல் முக்கி இடுக்கியால் மெல்ல உரிப்பது ஏற்றுக்கொண்ட முறை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கத்தியால் வழிப்பது அந்தக் கணக்கில் வராது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க: செல்லில் பொருத்திய தோல்மேல் மெத்திலீன் நீலம் அரை மணி நேரம் விட்டு, துடைத்துவிட்டு, தோலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நீலப் புள்ளி தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம். சாயம் விட்ட துண்டை மறுபடி சோதனைக்கு எடுக்காதீர்கள், இது தொகுதியில் ஒன்றிரண்டுக்கு மட்டும். எல்லாத் துண்டையும் பார்க்க மின்தடை அளப்பதே நல்லது. இருபுறமும் உப்புக் கரைசல் விட்டு, குறைந்த மாறுமின்னில் தடையை அளந்து, தொகுதியில் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்து நிற்பதை ஒதுக்குங்கள். தோல்வழி நீரிழப்பு மானி இருந்தால் இன்னும் வசதி.

தோல் தொகுதியே நம்பும்படி இல்லையென்றால் கஃபீன் கரைசலை ஓட்டிப் பாருங்கள். 2004-ல் வந்த, ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 428-ம் வழிகாட்டி முறையில் தோல் உறிஞ்சலை ஒப்பிட எடுக்கும் பொருள்களில் கஃபீனும் ஒன்று. விலை குறைவு, தண்ணீரில் கரையும், 273 நானோமீட்டரில் யூ.வி.யிலேயே தெரியும். ஆனால் சுத்தக் கஃபீன் வாங்குங்கள். ஏற்காட்டுக் காபிக்கொட்டையை இடித்து வடித்துக் கொண்டுவருபவர்கள் வருஷத்துக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஊர்ப்பற்று நல்லதுதான், ஆனால் அந்த வடிநீரில் கஃபீன் ஒன்று மட்டும் இல்லையே.

### இல்லை, லைப்போசோம் மட்டும்தான் கொட்டியது

இப்போதுதான் லைப்போசோமைப் பார்க்க வேண்டும். முதலில் ஏறாத மருந்து. டயாலிசிஸ் அல்லது சென்ட்ரிஃபியூஜ் செய்து பிரித்தீர்களா? இரண்டாவது, ஆல்கஹால். 2000-ல் டூய்டூ குழு அறிமுகப்படுத்திய எத்தோசோம் மாதிரி 20 முதல் 45 சதவீதம் எத்தனால் உள்ள கலவை என்றால், அதே அளவு எத்தனால் மட்டும் உள்ள கட்டுப்பாட்டு செல் வேண்டும். எத்தனாலுக்கே தோல் லிப்பிடைத் தளர்த்தும் பழக்கம் உண்டு. மூன்றாவது, முன்பு சொன்ன குளோரோஃபார்ம் மிச்சம்.

இதெல்லாம் தாண்டினால் வெற்று லைப்போசோமைத் தோலில் தடவி, சில மணி நேரம் விட்டு, துடைத்துவிட்டு, வெறும் மருந்துக் கரைசலைப் போடுங்கள். ஏற்றிய லைப்போசோம் தந்த அதே வேகம் வந்தால், பாஸ்போலிப்பிட் தோலின் லிப்பிட் அடுக்கோடு கலந்து வழியைத் தளர்த்தியிருக்கிறது, மருந்து தன் காலில் நடந்து போயிருக்கிறது. "லைப்போசோம் மருந்தைச் சுமந்து சென்றது" என்று முடிவில் எழுத முடியாது. ஏற்றியது மட்டும் அதிகம் தந்தால்தான் மேற்கொண்டு பேசலாம்.

## 24 மணி நேரமாகியும் கீழ் அறையில் ஒன்றுமே இல்லை

அழ வேண்டாம். இதுவே நல்ல முடிவாகவும் இருக்கலாம். 1980-ல் மெஸெய், குலசேகரம் இருவரும் டிரையம்சினோலோன் அசெட்டோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை லைப்போசோமில் ஏற்றி முயல் தோலில் தடவிப் பார்த்தார்கள். சாதாரண லோஷனைவிட நான்கைந்து மடங்கு மருந்து மேல்தோலிலும் அதன் கீழுள்ள டெர்மிஸிலும் தங்கியது, உடலுக்குள் போனதோ குறைந்தது. தோலில் ஏறும் லைப்போசோம் ஆராய்ச்சி இங்கேதான் சூடு பிடித்தது. ஆக மருந்து தோலுக்குள்ளேயே தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் "ஊடுருவவில்லை" என்று எழுதாதீர்கள். ரன் முடிந்ததும் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து கேட்பவர்கள்தான் அதிகம்.

தோலிலும் இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

- தோலுக்கு அடியில் காற்றுக்குமிழி. டார்ச் அடித்து, செல்லைச் சாய்த்துப் பாருங்கள். ஏ.சி. அறையில் குளிர்ந்த பஃபர் 37 டிகிரிக்கு ஏறும்போது கரைந்த காற்று வெளிவந்து தோலுக்கடியில் ஒதுங்கும். ஊற்றும் முன் சுடவைத்து, வாக்குவத்தில் வடிகட்டி, சூடு ஆறாமல் ஊற்றுங்கள்.
- காந்தக் கலக்கி நின்றுபோனது. மின்வெட்டுக்குப் பிறகு யு.பி.எஸ்.ஸில் பாத் இருக்கும், ஸ்டிர்ரர் இருக்காது.
- தோல் மேற்பரப்பு 32 டிகிரியில் இல்லை. பாத் 37 காட்டுவது போதாது, தோலையே அளக்க வேண்டும்.
- கீழ் அறைப் பஃபரில் மருந்து கரையவே இல்லை. கீழே சேரும் செறிவு கரைதிறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள மருந்து என்றால் மாட்டு ரத்தப் புரதமான போவைன் சீரம் ஆல்புமின் சேர்க்கலாம். பாதிக்குப் பாதி எத்தனால் ஊற்றுவது சுலபம்தான், ஆனால் அது அடியிலிருந்து தோலின் லிப்பிடைக் கரைத்துவிடும்.

இவையெல்லாம் சரி என்றால் லைப்போசோமின் விறைப்பு. டி.பி.பி.சி. 32 டிகிரித் தோல்மேல் இன்னும் உறைந்த நிலையில்தான் இருக்கிறது. விறைத்த குமிழி தோலின் லிப்பிடோடு லேசில் கலக்காது, மேலேயே அடுக்கிக்கொண்டு நிற்கும். கொலஸ்ட்ராலை அள்ளிக் கொட்டியிருந்தாலும் இதே கதைதான். சோயா பாஸ்ஃபடிடைல்கோலினில் அதே மருந்தை ஏற்றி ஒரு ரன் போட்டாலே தெரிந்துவிடும்.

## ஆறு செல்லில் ஆறு விதமான எண்

தோல்தான். ஒரே காதில் நுனிக்கும் அடிக்கும் கனம் வேறு, மயிர்க்கால் அடர்த்தி வேறு. ஒவ்வொரு விலங்கின் தோலையும் எல்லாக் குழுவுக்கும் பங்கிடுங்கள். ஒரு காது முழுக்க லைப்போசோமுக்கு, இன்னொன்று முழுக்கக் கட்டுப்பாட்டுக்கு என்று ஒதுக்கினால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு விலங்குகளை.

## டேப் உரிப்பில் முதல் டேப்பிலேயே பாதி மருந்து

ஒட்டும் டேப்பால் தோலின் மேலடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து மருந்தை அளப்பதுதான் டேப் உரிப்பு. முதல் ஒன்றிரண்டு டேப்பில் வருவது தோலுக்குள் போகாமல் மேலே காய்ந்து கிடப்பது. அதைத் தனியாக எண்ணுங்கள், தோலுக்குள் போன கணக்கில் சேர்க்காதீர்கள். விரலால் அழுத்தினால் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் எடையுள்ள உருளையை ஒரே திசையில் ஒரு தடவை உருட்டுங்கள். ஸ்டேஷனரிக் கடை செல்லோ டேப்பின் பசை மெத்தனாலில் கரைந்து யூ.வி.யில் மருந்தைப் போலவே நடிக்கும். தோலில் ஒட்டாத வெற்று டேப்பை அதே மாதிரி ஊறவைத்து அளந்து பாருங்கள். அங்கேயும் எண் வந்தால், மருந்தைத் தனியே பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி.க்கு மாறுங்கள்.

## எஃப்.டி.ஐ.ஆரில் உச்சம் நகர்ந்துவிட்டது, "லிப்பிட் இளகிவிட்டது"

இந்தப் பகுதியை நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தீசிஸ்களில் அதிகம் தவறாக எழுதப்படுவது இதுதான். எஃப்.டி.ஐ.ஆர். என்பது எந்த அலையெண்ணில் அகச்சிவப்பு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் கருவி.

தோலின் லிப்பிட் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும்போது சி.ஹெச்.2 சமச்சீர் நீட்சி என்ற அதிர்வின் உச்சம் 2850 அலையெண்ணுக்குச் சற்றுக் கீழே, 2849 பக்கம் நிற்கும். 70, 80 டிகிரிக்குச் சூடேற்றி இளகவைத்தால் 2853, 2854 பக்கம் ஏறும். லைப்போசோம் தடவிய தோலில் 2852 வந்தது என்றதும் "லைப்போசோம் தோல் லிப்பிடை இளக்கியது" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் சோயா பாஸ்ஃபடிடைல்கோலின் அறை வெப்பத்திலேயே இளகியிருப்பது என்று மேலே பார்த்தோம். அதன் சொந்த உச்சமே 2853, 2854 பக்கம்தான். தோலை அழுத்தி வைத்து அளக்கும் ஏ.டி.ஆர். படிகம் தொட்ட இடத்திலிருந்து ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். அந்த ஆழத்தில் காய்ந்த லைப்போசோம் படலம் இருந்தால் கருவி அளப்பது உங்கள் லைப்போசோமை. தோலின் 2849-ம் லைப்போசோமின் 2854-ம் கலந்து 2852 என்று நடுவில் ஒரு மேடு தெரியும். தோலில் எதுவுமே மாறாமல் இருக்கலாம்.

கிளை ஒன்று: 1735 பக்கம் பாருங்கள். பாஸ்போலிப்பிடின் எஸ்டர் உச்சம் அங்கே வரும். தடவாத தோலைவிட அது எகிறியிருந்தால் மேற்பரப்பில் லைப்போசோம் மிச்சம் இருக்கிறது. தோல் சுரக்கும் எண்ணெயான சீபமும் அதே இடத்தில் தலை காட்டும் என்பதால் தடவாத துண்டு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கிளை இரண்டு: உரித்துப் பாருங்கள். மேலே பஃபரில் துடைத்து, இரண்டு மூன்று டேப் உரித்து, மறுபடி அளங்கள். உச்சம் 2849-க்குத் திரும்பினால் நகர்வு மேற்பரப்பின் வேலை. உரித்த பிறகும் மேலேயே நின்றால், எஸ்டர் உச்சமும் கூடவே நின்றால், பாஸ்போலிப்பிட் உள்ளே இறங்கியிருக்கிறது. எஸ்டர் போய் நகர்வு மட்டும் நின்றால்தான் தோலின் சொந்த லிப்பிட் தளர்ந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கிளை மூன்று: நகர்வு ஒரு அலையெண்ணுக்கும் கீழே. கருவியின் பிரிதிறனை 4 அலையெண்ணில் வைத்து ஓட்டிவிட்டு 0.4 நகர்ந்தது என்று எழுதுவதில் அர்த்தம் வேண்டுமானால் ஸ்கேன் எண்ணிக்கை கூட்டி, பல துண்டில், ஒரே வெப்பத்தில் அளந்திருக்க வேண்டும். 30-லிருந்து 40 டிகிரிக்குள்ளேயே தோல் லிப்பிடின் அடுக்கு மாறுவது உண்டு. மே மாத மதியமும் ஏ.சி. அறையும் ஒன்றல்ல.

காசு போகும் கிளை: டியூட்டீரியம் ஏற்றிய பாஸ்போலிப்பிட். அதன் சங்கிலி உச்சங்கள் 2090, 2195 பக்கம் தனியே விலகி நிற்பதால் தோலுடையது எது, லைப்போசோமுடையது எது என்று பிரித்துப் பார்க்கலாம். விலை கேட்டால் தலை சுற்றும். பிஹெச்.டி. அளவுக்குப் போகாதவர்கள் இரண்டாவது கிளையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டி.எஸ்.சி. (மாதிரியைச் சூடேற்றி அது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் முறை) போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ராட்டம் கார்னியத்தில் 70, 85 டிகிரிப் பக்கம் வரும் லிப்பிட் மேடுகள் தோலின் ஈரத்தைப் பொறுத்தவை. தடவிய தோல் ஈரம், தடவாத தோல் காய்ந்தது என்றால் நீங்கள் பார்ப்பது தண்ணீரின் விளைவு. இரண்டையும் ஒரே ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்து, மூடி இறுக்கிய பானில் ஓட்டுங்கள்.

எப்போது வெளியே அனுப்புவது: உரித்த பிறகும் நகர்வு நின்றால். அப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் போன்ற பொதுக் கருவி மையத்தில் நேரம் கேளுங்கள். தடவாத துண்டு, வெற்று லைப்போசோம் துண்டு, காய்ந்த லைப்போசோம் படலம் மட்டும், மூன்றும் சேர்த்தே கொண்டுபோங்கள். லிப்பிட் அடுக்கின் இடைவெளி 13 நானோமீட்டர், 6 நானோமீட்டர் என்று இரண்டு விதமாக வரும். அது மாறியதா என்று சொல்ல சின்னக் கோண எக்ஸ்-ரே வேண்டும், அதை நம் கல்லூரி மேஜையில் தேட வேண்டாம்.

## கன்ஃபோக்கலில் ஆழம் வரை சாயம் ஒளிர்கிறது, "லைப்போசோம் முழுசாக உள்ளே போயிற்று"

கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் தோலை அடுக்கடுக்காகப் பார்க்கும்போது ஒளிர்வது சாயம். லைப்போசோம் எங்கே என்று படம் சொல்லாது. நைல் ரெட் மாதிரியான சாயம் குமிழியை விட்டுத் தோலின் லிப்பிடுக்கு நிமிஷத்தில் தாவிவிடும்.

முதலில் சாயமே போடாத தோலைப் பாருங்கள், தோலும் கொஞ்சம் தானாக ஒளிரும். அடுத்து, லைப்போசோம் இல்லாமல் சாயம் மட்டும். அதுவும் அதே ஆழம் போனால் கதை முடிந்தது. இரண்டையும் தாண்டினால் இரட்டைச் சாயம்: உள் நீரில் கால்சீன், சுவரில் ரோடமைன் ஒட்டிய பாஸ்போலிப்பிட். இரண்டும் ஒரே ஆழத்தில் ஒன்றாகத் தெரிகிறதா, அல்லது சிவப்பு மேலடுக்கில் நின்று பச்சை மட்டும் இறங்குகிறதா? பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும். 100 நானோமீட்டர்க் குமிழிக்கு, சில பத்து நானோமீட்டரே உள்ள தோல் உயிரணு இடைவெளியில், அதுவும் லிப்பிட் அடைத்த சந்தில், முழுசாக நுழைய இடம் எங்கே? 1992-ல் ட்ஸெவ்க், பிளூம் இருவரும் வளைந்து நெளியும் குமிழிகள் தோலின் ஈர வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும் என்று எழுதினார்கள். அது இன்றும் விவாதம்தான். சாதாரண லைப்போசோமுக்கு அந்தக் கட்டுரையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

படத்தில் மயிர்க்காலைச் சுற்றி மட்டும் பிரகாசமாக இருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். குமிழிகள் மயிர்க்கால் குழியில் போய்த் தேங்குவது உண்மையான வழிதான், அதை "தோல் முழுக்க" என்று நீட்டத் தேவையில்லை.

தோலுக்குள் குமிழி குமிழியாகவே இருக்கிறதா என்று கண்ணால் காட்ட வேண்டுமானால் உறையவைத்து எடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வேண்டும். படத்தில் தெரியும் உருண்டை எல்லாம் குமிழியா என்று சொல்லவும் பழகிய ஆள் வேண்டும். அங்கே உங்கள் கையை எடுத்துவிட்டு அவர்களை விடுங்கள்.

## கையில் தடவிப் பார்த்தேன், சிவந்து எரிகிறது

ஏன் தடவினீர்கள்? ஆய்வகச் சரக்கில் குளோரோஃபார்ம் மிச்சம், கிருமி, கெட்டுப்போன லிப்பிட் எது வேண்டுமானாலும் இருக்கலாம். சாதாரணத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம், மேலே இன்னொரு கிரீமும் வேண்டாம். கொப்புளம் எழும்பினாலோ, மறுநாளும் சிவப்பு அடங்காவிட்டாலோ தோல் டாக்டரிடம் போங்கள். முகத்திலோ கண்பக்கமோ பட்டிருந்தால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். என்னென்ன சேர்த்தீர்கள் என்ற பட்டியலையும் குப்பியையும் கையோடு எடுத்துப்போங்கள். "ஹெர்பல்தான் டாக்டர்" என்று சொல்லி மழுப்பினால் அவருக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது.